52 நாள், ஒரே கேபின்

கப்பல் கம்பெனியின் வண்ணப் புத்தகத்தில் துறைமுகப் பெயரெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். முதலில் எண்ண வேண்டியது வேறு. நடுநடுவே 'கடலில்' என்று ஒரே சொல்லைப் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பார்களே, அந்த வரிகளை விரல் வைத்து எண்ணுங்கள். நாங்கள் போனது 52 நாள் பயணம். அதில் அப்படிப்பட்ட வரிகள் 33. பனாமாவைத் தாண்டியபின் தொடர்ச்சியாக 9. அந்த 9 நாளை இரண்டு பேரும் எப்படிக் கழிப்பீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்தே பேசி முடிக்க முடிந்தால் பணம் கட்டுங்கள். பேச்சு பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றால், பத்து நாள் பயணம் ஒன்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்கு வயது 68, வீட்டுக்காரருக்கு 74. அவர் ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவர். நான் நூலகத்தில் இருந்தேன். ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறி, மடெய்ரா, பார்படோஸ், பனாமா கால்வாய், மார்க்கேசாஸ் தீவுகள், தஹிதி, நியூசிலாந்து வழியாக சிட்னியில் இறங்கினோம். போகும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியவற்றை மட்டும் எழுதுகிறேன். ஊர் பார்த்த கதை இதில் அதிகம் இல்லை.

கேபின்

நீண்ட பயணத்துக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், சன்னல் வைத்த கேபின் போதும் என்பது என் கட்சி. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது இல்லையா, அதே கணக்குதான். மேல்தளத்தில், கப்பலின் மூக்குப் பக்கம் கேபின் எடுத்தவர்கள் முதல் வாரம் முழுக்க வெளுத்த முகத்தோடு உலவினார்கள். பால்கனி வேண்டும் என்பது இவருடைய கட்சி. ஜனவரி மாத வட அட்லாண்டிக்கில் பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் பசிபிக்கில் பால்கனி வைத்திருந்தவர்களைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பொறாமை வந்தது, மறைப்பானேன். கீழ்த்தளத்துக்கும் ஒரு குறை உண்டு. அலை ரொம்ப உயர்ந்தால் சிப்பந்திகள் வந்து சன்னலை உலோகத் தகட்டால் மூடிவிடுவார்கள். எங்களுக்கு அது ஒன்றரை நாள் நடந்தது.

கேபின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்களுக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. நாங்கள் எடுத்த கேபினுக்கு நேர் மேலே வரைபடத்தில் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருந்தார்கள். ஒன்றுமில்லாத இடம் என்று நினைத்துக்கொண்டோம். அது சமையல்கூடத் தள்ளுவண்டி போகும் பாதை. தினமும் விடியற்காலை நாலே முக்காலுக்குத் தலைக்கு மேல் இரும்புச் சக்கரம் உருளும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, கப்பல் நிறைந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கப் பழகினோம்.

குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் இருப்பதற்காக. இரவில் எழுந்து போகும் வயதுக்காரர்களுக்கு அதுதான் எமன். இரண்டாம் இரவே இவர் கால் பெருவிரலைப் பெயர்த்துக்கொண்டார். சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். சக்கர நாற்காலியோ ஊன்றுகோல் வண்டியோ வேண்டியவர்களுக்கு அந்தத் தடுப்பு இல்லாத, கதவு அகலமான கேபின்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகத் தகடு. காந்தக் கொக்கி ஆறு எடுத்துப் போனோம். தொப்பி, பை, ஈரத் துண்டு, தினசரி நிகழ்ச்சித் தாள் எல்லாம் சுவரில் தொங்கின. உடுப்பைக் குறைத்துக்கொள்ளலாம், துவைக்க வசதி உண்டு. இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள், தீ பயத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

இருவர்

கடலை விடக் கஷ்டமானது 16 சதுர மீட்டர். வீட்டில் ஒருவருக்குக் கோபம் வந்தால் இன்னொரு அறை இருக்கிறது, மாடி இருக்கிறது, கடைக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொள்ளலாம். கேபினில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒருவர் நகர்ந்தால்தான் மற்றவர் நகர முடியும். நாற்காலி ஒன்றுதான்.

இவர் ஒவ்வொரு இரவும் மறுநாள் நிகழ்ச்சித் தாளை எடுத்து, ரயில் வரும் நேரம் சொல்வதுபோல, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிப்பார். ஒன்பதரை மணிக்கு நீட்டல் பயிற்சி, பத்தேகாலுக்குப் பறவைகள் பற்றிச் சொற்பொழிவு என்று. அந்த 9 நாளில் ஆறாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நான் என்ன வேலைக்கா சேர்ந்திருக்கேன்?"

அவர் தாளை நாலாக மடித்து மேசையில் வைத்தார். "சரி, உனக்கு வேணுங்கறதை நீயே பார்த்துக்கோ" என்று வெளியே போனவர் மூன்று மணி நேரம் திரும்பவில்லை. போனில் கூப்பிட வழியில்லை. நான் தளம் தளமாக ஏறி இறங்கினேன். நூலகத்தில் இல்லை, சீட்டாட்ட அறையில் இல்லை, மருத்துவ அறையில் கேட்கவும் பயம். கடைசியில் பின்தளத்தில், கப்பல் விட்டுச் செல்லும் வெள்ளை நுரைத் தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நம்ம வேகம் 18 நாட், மணிக்கு 33 கிலோமீட்டர். பாசஞ்சர் வண்டி கூட இதைவிட வேகமா போகும்" என்றார். சமாதானம் ஆனது.

அன்றிலிருந்து சட்டம் போட்டோம். காலை உணவு சேர்ந்து. அதன்பின் மதியம் வரை அவரவர் பாடு. யார் எங்கே போகிறோம், எத்தனை மணி வரை என்று ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட வேண்டும். காணோம் என்றால் தேடக் கூடாது. குறித்த நேரத்துக்கு அரை மணி கழிந்தும் வராவிட்டால் நடுக்கூடப் படிக்கட்டில் சந்திப்பு. நான் சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தேன். இவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். தினமும் நண்பகலில் மேலிருந்து அறிவிப்பு வரும்: கப்பல் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, கடலின் ஆழம். ஒரு நாள் 4,200 மீட்டர் என்றார்கள். அவர் அதையெல்லாம் எழுதி, காகித வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். பத்து நாளில் அவரைச் சுற்றி நாலு கிழவர்கள் கூடிவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு இருவர் மேசை கேட்காதீர்கள். ஆறு பேர், எட்டுப் பேர் உட்காரும் மேசை கேளுங்கள். 52 நாளும் ஒருவருக்கொருவர் சொல்ல என்ன புதுச் செய்தி இருக்கப் போகிறது? மேசையில் ஆள் ஒத்துவரவில்லை என்றால் முதல் இரண்டு மூன்று நாளிலேயே மாற்றித் தரச் சொல்லலாம். பிறகு சொன்னால் மனத்தாங்கல் ஆகிவிடும்.

ஆட்டமும் விழுவதும்

சவுத்தாம்ப்டனை விட்ட மறுநாளே பிஸ்கே விரிகுடா. குளிர்காலத்தில் அது பொல்லாத கடல். குமட்டலுக்கான மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நான் பெருமைக்குப் போடாமல் இருந்து அனுபவித்தேன். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் வயதானவர்களுக்கு அது மனக்குழப்பம் தரலாம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கும் ஆகாது. ஆகவே கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்துக் கேபின்காரரிடம் வாங்கி ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒட்டிய கையை உடனே கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் பார்வை மங்கும். கேபினுக்குள் படுத்தே கிடக்காமல் நடுத்தளத்தில் வெளியே போய்த் தொடுவானத்தைப் பார்ப்பது உதவும். எனக்குக் கேபின் பணியாளர் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். வயிற்றில் தங்கியது அதுதான்.

குமட்டல் இரண்டு நாளில் போய்விடும். விழுந்தால் போகாது. எங்கள் கப்பலில் கட்டுப் போட்ட கை குறைந்தது ஐந்து பார்த்தேன். வெளித்தளத்துக் கதவு காற்றில் அறைந்து மூடும். நிலையைப் பிடித்து நிற்கும் பழக்கம் இருந்தால் விரல் போய்விடும். கதவின் பிடியை மட்டும் பிடியுங்கள். நடக்கும்போது எப்போதும் ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும். இரண்டு கையிலும் காப்பியும் தட்டும் ஏந்தி நடப்பதை விட்டுவிடுங்கள், ஏந்திவர ஆள் இருக்கிறார்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் ஜெல் மட்டும் போதாது. கப்பலில் பரவும், வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்குச் சரியாக அடங்காது.

மாத்திரைப் பெட்டியில் வியாழக்கிழமை

மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிகள் கேபினுக்கு வந்துசேர இரவாகிவிடும். பயண நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் வேண்டும். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ரத்த வகையையும் அதில் எழுதிவையுங்கள். தஹிதிக்கு முன்னால் ஒருநாள் ஒலிபெருக்கியில் O நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் மருத்துவ அறைக்கு வரும்படி கேட்டார்கள். கப்பலில் ரத்த வங்கி கிடையாது, பயணிகளும் சிப்பந்திகளும்தான் வங்கி. நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாது. கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருக்கும்போது கப்பல் டாக்டர்தான் எல்லாம். அவர் திறமைசாலிதான், ஆனால் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. அதனால் இன்சூரன்ஸ் எடுக்கும்போது பழைய நோய்களை ஒன்று விடாமல் எழுதுங்கள், அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சிக்கனம் பிடிக்கும் இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளைப் பாதை தொட்டால் தடுப்பூசிச் சான்று கேட்கலாம். ஊசி போட்டுப் 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும். 60 வயதுக்கு மேல் முதல்முறையாக அந்த ஊசி போடுவதில் பக்கவிளைவு அபாயம் கூடுதல் என்பதால் டாக்டர் விலக்குச் சான்று தருவதும் உண்டு. இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

இனி நேரம். மேற்கே போகும் கப்பலில் சில நாளுக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைக்கச் சொல்வார்கள். அன்றைக்கு நாளுக்கு 25 மணி. ஆக்லாந்து போவதற்குள் இப்படி 11 முறை. ஒரு மணி கூடுதல் தூக்கம் இனிமைதான். கிழக்கே போகிறவர்களுக்கு நேர்மாறாகத் தூக்கம் திருட்டுப் போகும். முடிந்தால் மேற்கு நோக்கிய பயணமாக எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு சர்வதேசத் தேதிக் கோடு. புதன்கிழமை இரவு படுத்தோம், எழுந்தால் வெள்ளிக்கிழமை. வியாழன் என்று ஒரு நாளே இல்லை. இவர் தன் ஏழு கட்ட மாத்திரைப் பெட்டியைத் திறந்து வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வியாழன் கட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை, ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், அப்படியே கிடந்தன.

"ஒரு நாள் மாத்திரை போடலைம்மா. எங்கே தவறுச்சு?"

31 வருஷம் அட்டவணை போட்ட மனிதர்! விரல் விட்டு எண்ணிக் காட்டியும் கேட்கவில்லை. மருத்துவ அறைக்குப் போய், கடைசி மாத்திரை போட்டு 24 மணி நேரம்தான் ஆகிறது, வெள்ளிக் கட்டத்தைத் திறங்கள் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் தண்ணீர் டம்ளரை எடுத்தார். உங்களுக்கு நான் சொல்வது: நீண்ட பயணத்துக்குக் கிழமை எழுதிய பெட்டி வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போட்ட பெட்டி போதும். இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவர்கள் நேரம் மாறும்போது என்ன செய்வது என்று வீட்டு டாக்டரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

பனாமா நாள்

இந்த ஒரு நாளுக்கு மட்டும் அலாரம் வைத்து எழுந்திருங்கள். கால்வாய் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், கடக்க எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். பூட்டுத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கப்பலையே 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, நடுவில் இருக்கும் ஏரியில் விட்டு, மறுபக்கம் இறக்குகிறார்கள். 1914-ல் திறந்த பழைய தொட்டிகளின் அகலம் 33.5 மீட்டர். கூட்டமெல்லாம் முன்தளத்தில் வெயிலில் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நான் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கேபினுக்கு வந்தேன். சன்னலுக்கு வெளியே கான்கிரீட் சுவர். கண்ணாடி இல்லாவிட்டால் கை நீட்டித் தொட்டுவிடலாம். ஈரம் சொட்டும் பாசி, நூறு வருஷக் கீறல்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது சுவர் மெல்லக் கீழே இறங்கியது; நாங்கள்தான் ஏறுகிறோம் என்று புத்திக்கு எட்டக் கொஞ்ச நேரம் ஆனது. மேலே ஓடிப்போய் இவரைக் கூட்டி வந்தேன். கீழ்த்தளக் கேபினைப் பற்றி அதன்பிறகு அவர் குறை சொல்லவில்லை.

அடுத்த சில நாளில் பூமத்தியரேகை. முதல்முறை கடப்பவர்களைக் கடல் தெய்வம் நெப்டியூன் வேஷம் போட்டவர் முன்னால் நிறுத்திச் சடங்கு நடத்துவார்கள். செத்த மீனை முத்தமிட வேண்டும். இவர் முத்தமிட்டார். நான் படம் எடுத்தேன்.

கரை

துறைமுகத்தில் ஆழம் போதாவிட்டால் சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். மார்க்கேசாஸில் அப்படித்தான். படகு ஏறி இறங்கும். சிப்பந்தி உங்கள் முழங்கைக்குக் கீழே பிடித்து, இப்போது என்று சொல்லும்போது மட்டும் காலை எடுத்து வையுங்கள், நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். அலை அதிகம் என்றால் அந்த ஊரையே ரத்து செய்துவிடுவார்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு பிரயோசனம் இல்லை.

கப்பல் நேரம் வேறு, ஊர் நேரம் வேறாக இருக்கலாம். கைபேசி கரையைத் தொட்டதும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு தீவில் என் கைபேசியை நம்பி நிதானமாகச் சங்கு வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்; இவர் கைக்கடிகாரத்தைக் காட்டி இழுத்துக்கொண்டு ஓடினார். ஏணிப்பலகையை எடுக்கும் நேரத்தில் வந்துசேர்ந்தோம். மேல்தளத்தில் நின்றவர்கள் கைதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. நீங்களாக ஊர் சுற்றப் போனால் கப்பல் காத்திருக்காது. கப்பல் நேரம் வைத்த பழைய முள் கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், துறைமுக முகவரின் எண் எழுதிய தாளும் பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கட்டும். கடலில் இருக்கும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் அலைவரிசையைப் பிடித்துப் பில் ஏறும்.

கப்பல் கணக்கை வாரம் ஒருமுறை அச்செடுத்துப் பாருங்கள். யாரோ செய்துகொண்ட மசாஜ் எங்கள் கணக்கில் ஏறியிருந்தது. மூன்றாம் வாரமே பார்த்ததால் ஐந்து நிமிஷத்தில் நீக்கினார்கள். கடைசி இரவு வரிசையில் நின்றவர்களின் பாடு பெரும்பாடு.

அந்தக் கடைசி இரவில் பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடுப்பும் செருப்பும் மாத்திரையும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வையுங்கள். இறங்கிய பிறகு சில நாள் தரை ஆடுவதுபோல இருக்கும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

சிட்னி ஹோட்டலில் முதல் காலை நான் சுவரைப் பிடித்தபடிதான் பல் தேய்க்கப் போனேன். அறை பெரியது, நாற்காலியே மூன்று. இவரைக் காணோம். கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'கீழே லாபியில். 8:30 வரை.'